மரத்தொழிலின் கதி

மாசி மாதத்துப் பிரமோற்ஸவ நாட்களில் திருப்போரூர் வீதிகளில் தேர் அசையும்போது வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதவர் அருமை. ஸ்வாமியைத் தரிசிக்கிறோம், அலங்காரத்தைப் புகழ்கிறோம், திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் சாமர்த்தியத்தையும் மெச்சுகிறோம். ஆனால் அத்தேரை இழைத்துச் செதுக்கிப் பூட்டிய ஆசாரிகள் யார், அவர்கள் எந்த ஊரார், இன்று அவர்கள் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று விசாரிப்பவர் எவருமில்லை. இந்த அசட்டையைப் பற்றியே இன்று நமது நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

திருப்போரூரை இதற்கு எடுத்துக்கொண்டது காரணமின்றியல்ல. அவ்வூர்க் கந்தஸ்வாமி கோயிலின் மூலவர் கல்லாலும் உலோகத்தாலும் ஆனவரல்லர். பனைமரத்தில் தோன்றியவர் என்பது ஸ்தல வரலாறு. ஆகையினாலேயே அம்மூர்த்திக்கு அபிஷேகம் செய்யும் வழக்கமில்லை. யந்திரத்துக்கே அபிஷேகம் நடக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் அக்கோயிலைக் கட்டுவித்த சிதம்பர ஸ்வாமிகள், பனைமரமென்று அதனைத் தாழ்வாக நினைத்துக் கல்லில் வேறு மூர்த்தி செய்துவைக்கவில்லை. இதே பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த காஞ்சீபுரத்தில், 2019-ம் வருஷத்தில் 48 நாட்கள் அத்திவரதரைக் காண எத்தனை லட்சம் ஜனங்கள் வெயிலில் நின்றார்கள் என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாற்பது வருஷம் குளத்தின் நீருக்கடியில் கிடந்து வெளிவரும் அந்த மூர்த்தியும் மரமே. மரத்தை வணங்குவதில் நமக்கு ஒரு குறைவுமில்லை. மரத்தை வேலைசெய்கிறவனை மதிப்பதில்தான் குறைவு நேர்ந்திருக்கிறது.

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கல்லைப் பார்த்து வியந்து திரும்புகிறார்கள். சிறிது நின்று கவனித்தால் அந்தக் கல் முழுவதும் மரத்தின் ஞாபகமாகவே இருப்பது விளங்கும். திரௌபதி ரதம் என்று வழங்குவது நமது கிராமத்துக் கூரைக்குடிசையின் கல்வடிவம். பீம ரதத்தின் வளைந்த கூரையும், கூடுகளும், கைமரத்தின் நுனிகளும் முதலில் தச்சனின் கையில் மரத்தில் உருவானவை. பின்னரே சிற்பியின் கையில் பாறையில் வந்தன. மண்டகப்பட்டுக் குகையில் மகேந்திரவர்ம பல்லவன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் அமைத்ததாகச் சாஸனம் பொறித்து வைத்தான். மரமில்லாமல் கட்டியதை ஒரு ராஜா பெருமையாகச் சொல்லிக்கொண்டான் என்றால், அதற்குமுன் ஆலயம் என்பது பெரும்பாலும் மரத்தாலும் செங்கல்லாலுமே ஆனது என்பது தானே ஏற்படுகிறது. நமது காலத்திலும் இதே கதைதான். சென்னையில் 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம், திருவாரூர்த் தேரைக் கல்லில் நிறுத்தியதேயன்றி வேறல்ல. சிற்பிக்குத் தச்சன் மூத்த சகோதரன். தம்பிக்குக் கிடைத்த கௌரவம் தமையனுக்குக் கிடைக்கவில்லை.

தம்பிக்குக் கிடைத்ததைப் பற்றி நமக்குப் பொறாமையில்லை, சந்தோஷமே. 1957-ம் வருஷத்தில் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிக்கென்று ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவராக இருந்தார். அவருடைய குமாரர் கணபதி ஸ்தபதி அவருக்குப் பின் பல வருஷங்கள் அதனை நடத்தி வளர்த்தார். கன்னியாகுமரியில் 2000-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை அவருடைய கைவண்ணம். இன்று அது அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. 2015-ல் உலகக் கைவினைக் கவுன்ஸில் மாமல்லபுரத்தைக் கற்சிற்பத்துக்கான கைவினை நகரமாக அங்கீகரித்தது. 2017-ல் மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடற்கரைச் சாலையின் இருமருங்கும் உளியோசை கேட்கிறது. ஒரு கல்லூரியும், ஒரு சந்தையும், ஒரு பெயரும் சேர்ந்தால் ஒரு தொழில் எப்படி நிமிரும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை, இதுவே போதும்.

மரத்துக்கு இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கவில்லை. அந்தக் கல்லூரியிலே மரச்சிற்பமும் கற்பிக்கப்படுகிறது. பெரம்பலூர் ஜில்லா அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு வந்தது. சேலம் ஜில்லா தம்மம்பட்டியிலும் நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் தெய்வ உருவத்தோடும் வாகனத்தோடும் வாசற்கதவோடும் நின்றுவிடுகின்றன. ஜனங்கள் தினந்தோறும் உட்காரும் நாற்காலி, எழுதும் மேஜை, படுக்கும் கட்டில், குழந்தை பாடம் படிக்கும் பெஞ்சி ஆகிய இவற்றில் அந்தக் கை படுவதில்லை. சிலை செய்கிறவன் கலைஞன், நாற்காலி செய்கிறவன் கூலியாள் என்று ஒரு கோடு போட்டுவிட்டோம். இந்தக் கோடு நமது நாட்டுச் சரக்கன்று. ஈழத்தில் ஒரு தமிழருக்கு மகனாகப் பிறந்த ஆனந்த குமாரஸ்வாமி, 1909-ல் இந்தியக் கைத்தொழிலாளனைப் பற்றித் தாம் எழுதிய நூலிலும் பின்னர் எழுதியவற்றிலும் இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்ளவேயில்லை. விக்கிரகம் செதுக்கியவனும் தொட்டில் கடைந்தவனும் ஒரே தெருவில், ஒரே முழக்கோலை வைத்துக்கொண்டு வேலைசெய்த தேசம் இது.

மேஜை என்ற சொல்லும் அலமாரி என்ற சொல்லும் போர்த்துக்கீசியர் வழியாக வந்தவையென்பதும், ஆகவே அப்பொருள்களும் அந்நியமென்பதும் சிலர் சொல்லும் நியாயம். சொல் வந்தது வாஸ்தவம். ஆனால் வந்த பொருளை நமது ஆசாரி தன்வசமாக்கிக் கொண்டுவிட்டான். ஊஞ்சற் பலகையும், மணையும், கணக்குப் பெட்டியும், அஞ்சறைப் பெட்டியும், பல்லாங்குழியும் செய்து பழகிய கைக்கு மேஜை ஒரு பெரிய காரியமாக இருக்கவில்லை. 1892-ல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தின் பழைய மண்டபங்களில் நின்று வழக்காடியவர்கள், அங்குள்ள மரவேலையை ஒருமுறையாவது தடவிப் பார்த்திருப்பார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவை உபயோகத்திலிருக்கின்றன.

இக்கடற்கரையைச் சார்ந்த ஒரு விருத்தாந்தம் நமது நேயர்களில் பலருக்குத் தெரிந்திராது. ஜார்ஜ் நகாஷிமா என்பவர் அமெரிக்காவில் 1905-ல் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிற்பசாஸ்திரம் கற்றுக் கட்டட நிபுணரானவர். 1930-களின் பிற்பகுதியில் அவர் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தாசிரமத்தின் கோல்கொண்டா என்னும் விடுதியைக் கட்டும் வேலையை அங்கேயே தங்கி நடத்தினார். அவ்விடுதிக்கு வேண்டிய மரச்சாமான்களையும் அவரே வகுத்தார். அவர் முதன்முதலாக உருவமைத்த மரச்சாமான்கள் அவைதாம் என்பர். பிறகு அமெரிக்கா திரும்பியவரை, இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜப்பானிய வம்சத்தார் என்ற ஒரே காரணத்துக்காக 1942-ல் முகாமில் அடைத்தார்கள். அந்த முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் சிஷ்யராக அமர்ந்து கைத்தொழிலைச் செம்மையாகக் கற்றார். விடுதலையாகி வந்து தமது பட்டறையை நிறுவினார். 1990-ல் அவர் காலமாகுமுன்பே, கையால் செய்யும் மரச்சாமானென்றால் உலகம் அவர் பெயரைச் சொல்லலாயிற்று. 1964-ல் ஆமதாபாத்திலுள்ள தேசீய உருவமைப்புக் கலாசாலைக்கு வந்தும் சாமான்கள் வகுத்துக் கொடுத்தார்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது இரண்டு. முதலாவது, கட்டட நிபுணத்துவம் படித்த ஒருவர் உளி பிடிப்பதைத் தமக்கு இழிவாக நினைக்கவில்லை. இரண்டாவது, மரத்தின் வெடிப்பையும் முடிச்சையும் மறைக்காமல், அதையே அழகாகக் கொண்டு புதிய உருவம் கண்டார். பழைய வேலைக்காரனின் கையும் படித்தவனின் கற்பனையும் ஒரு மனிதனிடத்தில் கூடின. நம் நாட்டிலோ கை ஓரிடத்திலும் கற்பனை வேறோரிடத்திலும் கிடக்கின்றன. ஆசாரியிடம் போகிறவர் கைப்பேசியில் ஏதோ ஒரு கடையின் படத்தைக் காட்டி "இதைப் போலவே செய்" என்கிறார். அவரும் அப்படியே செய்துகொடுக்கிறார். அவருடைய உருவமென்று ஒன்று பிறப்பதற்கு இடமேது?

சந்தை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. சென்னையிலிருந்து சிறுசேரி, கேளம்பாக்கம் வழியாகத் திருப்போரூருக்கு வரும் ராஜீவ்காந்தி சாலையில் எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் கட்டிலும் மேஜையும் அலமாரியும் வேண்டியிருக்கிறது. அவையனைத்தும் பெரும்பாலும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைகளாகப் பெட்டியில் அடைபட்டு எங்கிருந்தோ வருகின்றன. அந்த வீடுகளிலிருந்து சிறிது தூரத்தில் உளிப்பிடித்த கைகள் சும்மா இருக்கின்றன. ஆசாரி வீட்டுப் பிள்ளை அதே மாடிகளில் கட்டட வேலைக்குப் போகிறான், அல்லது மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறான்.

நாமும் இந்தக் குற்றத்துக்கு விலக்கானவர்களல்லர் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். சில வருஷங்களுக்கு முன் நமது காரியாலயத்துக்குச் சட்டப்புத்தகங்கள் வைக்க அழுத்தப்பலகை அலமாரியொன்று மலிவாக வாங்கினோம். இரண்டு ஐப்பசி மழை கண்டதும் அடித்தட்டு ஊறிப் பருத்துவிட்டது. நடுத்தட்டு புத்தகப் பாரத்தால் படகைப் போல் வளைந்தது. செப்பனிடக் கேட்டால், "பலகை போனால் போனதுதான்" என்று பதில் வந்தது. அதே அறையில் நம் பாட்டனார் காலத்துத் தேக்கு மேஜை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு கால் கரையான் அரித்துப் பழுதானபோது, திருப்போரூர்ப் பக்கத்து ஆசாரி ஒருவர் வந்து அரித்த பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, வைரம் பாய்ந்த துண்டொன்றை ஒட்டுப்போட்டு அரை நாளில் முடித்துவிட்டார். ஒட்டு எங்கேயென்று நமக்கே இப்போது தேட வேண்டியிருக்கிறது. அலமாரியின் விலையையும் அந்த அரைநாட் கூலியையும் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, மலிவாக வாங்கியது எது என்று நாம் வெட்கத்தோடு தெரிந்துகொண்டோம்.

இது அதிர்ஷ்டமன்று, காரணமுள்ள விஷயம். மரம் வெட்டப்பட்ட பின்பும் ஈரத்துக்குத் தக்கபடி விரிந்து சுருங்கும். நீளவாட்டில் அசைவு மிகச் சொற்பம், குறுக்குவாட்டில்தான் அதிகம். இதையறிந்த பழைய ஆசாரி, கதவில் சட்டத்துக்குக் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசையிடாமல் காடிக்குள் தளர நிறுத்துவான். மழையில் பலகை விரிந்தாலும் சட்டம் பிளக்காது. கோடையில் சுருங்கினாலும் இடைவெளி தெரியாது. ஆணியில்லாமல் நாக்கும் துளையுமாகப் பொருத்துவதும் இதற்காகவே. கடலோரத்து உப்புக்காற்றில் இரும்பாணி துருவேறிச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். மரமுளைக்கு அந்தத் தோஷமில்லை. இவ்வளவும் ஒரு நூலிலும் எழுதாமல் கைக்குக் கை வந்த வித்தை. ஒரு தலைமுறை இடைவிட்டால் மறுதலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஆளிராது.

அப்படி இடைவிட்டதற்கு இந்தக் கடற்கரையே சாக்ஷி. கட்டுமரம் என்ற தமிழ்ச்சொல் இங்கிலீஷ் அகராதிக்குள் புகுந்தது. கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்யும் மசூலாப் படகு சென்னைத் துறையில் வெள்ளைக்காரரையும் சரக்கையும் கரைசேர்த்தது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமிக்குப்பின் நிவாரணமாக வந்த படகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். மீனவருக்கு அவை சௌகரியமென்பதில் சந்தேகமில்லை. நாம் அவர்களைக் குறைகூறவில்லை. ஆனால் மரப்படகு கட்டும் கை அதோடு ஏறக்குறைய ஓய்ந்தது. அதே கதி நிலத்துத் தச்சுக்கும் நேரவேண்டுமா என்பதே நமது கேள்வி.

இனி, எதிர்வாதங்களையும் கேட்போம். ஒருபக்கத்து வாதத்தை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவது நமது வழக்கமல்ல.

முதல் ஆக்ஷேபணை, மரத்தொழிலை வளர்த்தால் காடு அழியுமென்பது. இது கௌரவமான ஆக்ஷேபணை. ஈட்டி முதலிய மரங்களின் சர்வதேச வியாபாரம் 2017 முதல் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 2022-ல்தான் பத்துக் கிலோவுக்குட்பட்ட ஈட்டி, சிஸ்ஸூ மரச்சாமான்களுக்கு ஓரளவு சலுகை கிடைத்தது. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021-ல் நமது மாகாண சர்க்கார் அறிவித்ததையும் நாம் முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆனால் மேஜைக்குத் தேக்கும் ஈட்டியுந்தான் வேண்டுமென்று யார் விதித்தார்கள்? அரும்பாவூரார் மாவிலங்கையிலும் தூங்குமூஞ்சி மரத்திலும் அற்புத வேலை செய்கிறார்கள். வாகை, பூவரசு, வேம்பு, மா, பலா இவையெல்லாம் நமது ஊர் மரங்கள். 2016-ம் வருஷம் டிசம்பரில் வர்தா புயல் ஒரே நாளில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அவற்றில் நல்ல அடிமரங்கள் எத்தனை துண்டுதுண்டாக அறுக்கப்பட்டு விறகாகவும் குப்பையாகவும் போயின! சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் இதே கூத்து நடக்கிறது. சாய்ந்த மரத்தைப் பலகையாக்கி உலரவைத்தால் ஒரு காடும் அழியாது. ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் காற்றில் உலரவேண்டுமென்பது பழைய கணக்கு. அத்தனை காலம் பணத்தை முடக்கிவைக்க ஏழை ஆசாரியால் முடியாது, பொதுக்கிடங்கால் முடியும்.

இரண்டாவது ஆக்ஷேபணை, கைவேலை விலை அதிகமென்பது. ஆம், அதிகந்தான். அதை மறைப்பது யோக்கியமல்ல. ஒரு நல்ல நாற்காலிக்குப் பல நாள் உழைப்புச் செல்லும். அந்த நாட்களுக்குத் தொழிலாளி சாப்பிட்டாக வேண்டும். ஆயினும் ஐந்து வருஷத்தில் குப்பைக்குப் போகும் மூன்று நாற்காலிகளின் விலையையும், பேரன் காலத்துக்கும் நிற்கும் ஒன்றின் விலையையும் ஒப்பிடுங்கள் என்கிறோம். யந்திரமே கூடாதென்றும் நாம் சொல்லவில்லை. மரத்தை அறுக்கவும் இழைக்கவும் யந்திரம் வரட்டும். முதுகு வலிக்கும் வேலை குறையட்டும். பொருத்தும் கையும், உருவம் காணும் கண்ணும் மனிதனுடையதாக இருந்தால் போதும். தஞ்சாவூரில் பிறந்து கணக்குப் பரிசோதகராகப் பெரும்பொருள் ஈட்டியிருக்கக்கூடிய ஜே. சி. குமரப்பா, அதை விட்டு 1934-ல் ஏற்பட்ட கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பாரத்தைத் தோளில் ஏற்றுக்கொண்டார். பொருளின் விலையில் அதைச் செய்தவனுடைய வாழ்வும் அடங்கியிருக்கிறது என்பதே அவர் தம் ஆயுள் முழுவதும் எடுத்துரைத்த பாடம்.

மூன்றாவது ஆக்ஷேபணைதான் மிகவும் ஆழமானது. கைத்தொழிலைப் போற்றுவதென்றால் ஆசாரி மகன் ஆசாரியாகவே இருக்கவேண்டுமென்று பிறப்பின் விலங்கை மறுபடியும் பூட்டுவதல்லவா என்று கேட்கிறார்கள். 2023-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி மத்திய சர்க்கார் விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கி, தச்சர் முதலிய 18 தொழில்களுக்குப் பயிற்சியும், ஆயுதங்களுக்கு ரூ.15,000-மும், குறைந்த வட்டிக் கடனும் அறிவித்தார்கள். குடும்பத் தொழிலென்ற நிபந்தனை ஜாதிமுறையை வலுப்படுத்துமென்று கூறி, 2024 நவம்பரில் மாகாண சர்க்கார் அதனை அவ்வுருவில் நடத்த மறுத்தார்கள். 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்கு, ரூ.3 லட்சம் வரை கடனும் அதில் ஒரு பகுதிக்கு மானியமும் தரும் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் குன்றத்தூரில் தொடங்கினார்கள். 35 வயதானவர்களுக்கே அது உரியது.

இவ்விவாதத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறோம். பிறப்பால் தொழிலை விதிப்பதற்கு நாம் பரம விரோதிகள். பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய சிறுவனைப் பட்டறையில் உட்கார்த்தி வைப்பதற்குக் கடனுதவி என்று பெயரிடுவதையும் ஒப்போம். அந்த அளவில் மாகாண சர்க்காரின் ஆக்ஷேபணை நியாயமானது. ஆனால் 35 வயதில் கடன் கொடுக்கிறவர்கள், பதினெட்டு வயதில் இத்தொழிலை விரும்பி வருகிறவனுக்கு, அவன் எந்த ஜாதியானாலும் சரி, ஆணானாலும் பெண்ணானாலும் சரி, எங்கே போய்க் கற்பது என்று வழிகாட்ட வேண்டாமா? விலங்கை உடைப்பதென்றால் ஆசாரி மகனை வேறு தொழிலுக்கு அனுப்புவது பாதி வேலை. வேறு வீட்டுப் பிள்ளை கௌரவத்தோடு உளியெடுக்க வருவது மறுபாதி. முதற்பாதியை எவரும் ஏற்பாடு செய்யாமலே காலம் செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவது பாதியை நாம்தான் செய்யவேண்டும். இல்லாவிடில் ஜாதியும் ஒழியாது, தொழிலும் நிற்காது. டில்லியும் சென்னையும் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருக்கும்போது, மாமல்லபுரத்துக் கல்லூரியின் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அந்த வாசலை அகலப்படுத்துவதே இருதரப்பாருக்கும் பதில்.

ஆகவே நாம் கோருவது பின்வருமாறு. மாமல்லபுரக் கல்லூரியின் மரச்சிற்பப் பகுதியோடு, வீட்டுச் சாமான் உருவமைப்பையும் ஒரு முழுப் பாடமாகச் சேர்க்கவேண்டும். தேரும் வாகனமும் செய்த அனுபவஸ்தர்களை, பட்டமில்லையென்று தள்ளாமல், போதகாசிரியர்களாக அமர்த்தவேண்டும். அறநிலையத்துறை செய்விக்கும் ஒவ்வொரு புதிய தேரும் ஒரு பள்ளிக்கூடமென்று கருதி, அதில் சில மாணாக்கர்களைச் சம்பளத்தோடு வேலைபழக விடவேண்டும். பல தேர்களுக்குத் திருச்சி பெல் ஆலையிலிருந்து இரும்புச் சக்கரம் வந்துவிட்டது. பத்திரத்துக்கு அது நல்லதே. சக்கரத்துக்கு மேலுள்ளதையாவது நம் பிள்ளைகள் கற்கட்டும்.

அடுத்தபடி, திருப்போரூர் வட்டாரத்தில் ஒரு பொது மரக்கிடங்கும், உலர்த்தும் சூளையும், அறுவை யந்திரமும் ஏற்படவேண்டும். ஆலத்தூரில் மருந்துத் தொழிலுக்கு இடங்கொடுத்த சர்க்காருக்கு, ஆசாரிகளுக்கு ஒரு கொட்டகை கொடுப்பது பெரிய காரியமல்ல. புயலிலும் சாலை வேலையிலும் விழும் மரங்களை ஏலத்தில் விறகு வியாபாரிக்கு விடுமுன் அக்கிடங்குக்கு நியாய விலையில் தரவேண்டும்.

மூன்றாவதாக, சர்க்காரே பெரிய வாடிக்கைக்காரர் என்பதை மறக்கலாகாது. 1965-ல் ஏற்பட்ட டான்ஸி ஸ்தாபனம் பள்ளிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மேஜை நாற்காலி செய்துகொடுக்கிறது. 1973-ல் ஏற்பட்ட பூம்புகார் ஸ்தாபனம் கைவினைப் பொருள்களை விற்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துவைத்தால், நூல்நிலையங்களுக்கும் சர்க்கார் விடுதிகளுக்கும் வேண்டிய சாமான்களில் ஒரு சிறு பங்கையேனும் கைவேலைக்காரரிடம் வாங்குவது இயலாததா? கடைசியாக வரி விஷயம். 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி நடந்த வரி மாற்றத்தில் மரச்சிலைக்கு 5 சதவீதம் ஆயிற்று. மூங்கில், பிரம்பு நாற்காலிக்கும் 5 சதவீதம் ஆயிற்று. மர நாற்காலி மட்டும் 18 சதவீதத்திலேயே விடப்பட்டது. அதே உளி, அதே மரம், அதே ஆசாரி. பிள்ளையாராகச் செய்தால் ஒரு வரி, பிள்ளைகள் உட்காரச் செய்தால் மூன்றுமடங்குக்கு மேல் வரி. சிறு தொழிலாளி நேரில் வரி கட்ட நேராவிட்டாலும், அவரிடம் வாங்கி விற்கும் கடையில் அது விலையோடு ஏறிவிடுகிறது. ஆலைப்பொருளுக்கும் கைப்பொருளுக்கும் வித்தியாசம் காட்டும் ஒரு முத்திரையை ஏற்படுத்தி, கையால் செய்த மரச்சாமானுக்கும் 5 சதவீதம் என்று ஆக்கவேண்டும்.

சர்க்காரைக் கேட்டுவிட்டு நாம் கைகட்டி உட்கார்ந்திருப்பது ஸ்வதேசி மார்க்கமல்ல. நமது நேயர்களில் ராஜீய காரியங்களில் உழைப்பவர்கள் அநேகர். மேடையில் தொழிலாளர் நலத்தைப் பற்றிப் பேசி இறங்கியதும் அவர்கள் உட்காருவது எதில்? வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில். கூட்டத்துக்கு அது வசதியென்றால் இருக்கட்டும். ஆனால் கட்சி ஆபீஸுக்கு ஒரு மேஜை, சங்க வாசகசாலைக்கு இரண்டு பெஞ்சி, பெண்ணுக்குச் சீராக ஒரு கட்டில், பேரக்குழந்தைக்கு ஒரு தொட்டில் வேண்டியபோது, கடைக்குப் போகுமுன் ஓர் ஆசாரியின் பட்டறைக்குப் போய்வரும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். படத்தைக் காட்டி "இதைப் போலச் செய்" என்று சொல்லவேண்டாம். "எனக்கு இன்ன காரியத்துக்கு வேண்டும், உமக்குத் தோன்றுகிறபடி செய்யும்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் அவர் திகைப்பார். வெகுகாலமாக அப்படி அவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பிறகு பென்ஸிலைக் காதிலிருந்து எடுத்துப் பலகையில் கோடு போடத் தொடங்குவார். வேலை முடிந்ததும், அடிப்பலகையில் அவருடைய பெயரையும் ஊரையும் வருஷத்தையும் பொறிக்கச் சொல்லுங்கள்.

நமது காரியாலயத்துக்கு வேண்டிய புதிய அலமாரியை, அந்த மேஜைக்கு ஒட்டுப்போட்ட ஆசாரியிடமே ஒப்புவித்திருக்கிறோம். வாகை மரம், உலருவதற்கு இன்னும் சில மாதமாகும் என்கிறார். அதுவரை நமது சட்டப்புத்தகங்கள் தரையில் அடுக்கியிருக்கும். பார்க்க வருகிறவர்கள் பொறுத்தருளவேண்டும்.